வெல்மா ஏன் தோத்துச்சு? ஜோக்கை அறிவிச்சுட்டு சொன்னா யாரு சிரிப்பாங்க

(பேசினதை வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம். பின்னணியில் கேட்ட நெல்லித்தோப்பு சிக்னல் ஹாரன்களை எழுத்தில் கொண்டுவர முடியல.)

இன்னைக்கு ஒரு கார்ட்டூன் தொடரைப் பத்தி பேசப் போறோம். குழந்தைங்களை பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு பார்க்கிற கார்ட்டூன் கிடையாது. பெரியவங்களுக்குன்னே, நையாண்டி பண்றதுக்குன்னே எடுத்த தொடர். பேரு 'வெல்மா'. 2023 ஜனவரி 12-ஆம் தேதி ஹெச்பிஓ மேக்ஸில் வந்தது. அந்தத் தளத்தோட சொந்த அனிமேஷன் தொடர்களிலேயே இதுக்குத்தான் பெரிய ஓப்பனிங்னு அவங்களே அறிவிச்சாங்க. ரெண்டு சீசன், ஒரு ஹாலோவீன் ஸ்பெஷல். 2024 அக்டோபரில் கதையை மூடிட்டாங்க. ஐஎம்டிபில 10-க்கு 2 கூட வாங்காத தொடர் இது. ராட்டன் டொமேட்டோஸில் முதல் சீசனுக்கு விமர்சகர்கள் பாதிக்கும் கீழ கொடுத்தாங்க. பார்வையாளர்கள் கொடுத்தது ஒற்றை இலக்க சதவீதம்.

அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் ஊத்திக்கிட்டா புதுச்சேரியில உக்காந்து ஏன்டா பேசுறேன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. வெல்மாவுக்குக் குரல் கொடுத்தது, தயாரிப்பாளர்களில் ஒருத்தரா இருந்தது, மிண்டி கேலிங். முழுப் பேரு வேரா மிண்டி சொக்கலிங்கம். அப்பா தமிழர், அம்மா வங்காளி. 'தி ஆபீஸ்' தொடரில் எழுத்தாளரா உள்ள போய், கெல்லி கபூரா நடிச்சு, 2006-ல அமெரிக்க டிவியில் தீபாவளியை வச்சு ஒரு முழு எபிசோடே எழுதினவங்க. அவங்க குரல்ல, நம்ம நிறத்துல ஒரு வெல்மா வரப்போறான்னு கேட்டப்போ நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அதனாலதான் இது ஏன் தோத்துச்சுன்னு சரியா புரிஞ்சுக்கணும்னு நினைக்கிறேன். தப்பான காரணத்தை எழுதி ஃபைலை மூடிட்டா, அடுத்த தடவை நம்ம முகம் உள்ள ஒரு கதையோட ஒருத்தர் போய் நிக்கும்போது, "முன்னாடியே பண்ணிப் பார்த்தோம், ஓடலையே"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.

முதல்ல ஸ்கூபி-டூ தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். 1969-ல ஹன்னா-பார்பெரா தயாரிச்சு, சிபிஎஸ் சேனலில் வந்தது. நாலு பசங்க, ஒரு நாய், ஒரு வேன். ஃப்ரெட், டாஃப்னி, வெல்மா, ஷாகி, அப்புறம் ஸ்கூபி. ஊர் ஊரா போவாங்க, அங்க பேய் இருக்கும். கடைசியில பேயைப் பிடிச்சு முகமூடியைக் கழட்டினா, உள்ள ஒரு பேராசைக்கார ஆசாமி இருப்பான். நம்ம பக்கம் சொல்ற கதைதான்: தோப்புல பேய் நடமாட்டம்னு புரளியைக் கிளப்பிட்டு ராத்திரியில சாராயம் கடத்துறவன். கார்ட்டூன் நெட்வொர்க்கோட வளர்ந்த நம்ம வயசுக்காரங்களுக்கு இதுல வெல்மா யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. ஆரஞ்சு ஸ்வெட்டர், தடிக் கண்ணாடி, அது கீழ விழுந்தா தரையில தடவித் தேடுற பொண்ணு. கும்பல்லயே மூளையை வச்சு யோசிக்கிற ஒரே ஆளு. படிக்கிற பசங்க எல்லாரும் "இது நான்தான்"னு நினைச்சுக்கிட்ட பாத்திரம்.

புதுத் தொடரை உருவாக்கினது சார்லி கிராண்டி. இணையத்தில் திட்டு முழுக்க மிண்டி தலையில விழுந்துச்சு, ஆனா தொடரை உருவாக்கியவர்னு பேர் வர்றது இவருக்குத்தான். அதுல வெல்மா தெற்காசியப் பொண்ணு. டாஃப்னி கிழக்காசிய முகம். ஷாகி இப்போ நார்வில், கறுப்பினப் பையன். ஃப்ரெட் மட்டும் வெள்ளைக்காரன், அதுவும் வளர்ந்தும் வளராத பணக்கார வீட்டுப் பையன். பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க கொலையாகுறாங்க, மூளையைக் காணோம். வெல்மாவோட அம்மாவும் காணாமப் போயிருக்காங்க. துப்பறிய உக்காந்தாலே வெல்மாவுக்கு பயங்கரமான பிரமைகள் வந்து உலுக்கிடும். ஒரு வரியில கேட்டா நல்ல கதை மாதிரியே இருக்கு, இல்லையா? நாய் மட்டும் கிடையாது. பெரியவங்களுக்கான தொடரில் ஸ்கூபியைப் பயன்படுத்த வார்னர் தரப்பு ஒத்துக்கலன்னு கிராண்டியே சொல்லியிருக்கார்.

இப்போ, "வெல்மாவை இந்தியப் பொண்ணா மாத்தினாங்க, அதான் ரசிகர்களுக்குப் பிடிக்கல"ங்கிற விளக்கம். இதைச் சொல்றவங்க ரெண்டு கட்சியிலயும் இருக்காங்க. மாத்தினது தப்புன்னு திட்டுறவங்களும் சொல்றாங்க, திட்டுறவங்க எல்லாரும் இனவெறியர்கள்னு சொல்றவங்களும் சொல்றாங்க. எனக்கு ரெண்டுமே சரியாப் படல. 2009-ல கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த ஸ்கூபி-டூ நடிகர் படத்தில் வெல்மாவா நடிச்சது ஹேலி கியோகோ. அவங்க அம்மா ஜப்பானிய வம்சாவளி. அதுக்காக உலகம் அழிஞ்சுடல. 2022 அக்டோபரில் வந்த 'ட்ரிக் ஆர் ட்ரீட் ஸ்கூபி-டூ' கார்ட்டூன் படத்தில் வெல்மாவுக்கு ஒரு பொண்ணு மேல ஆசை வருது. பழைய ரசிகர்களே கொண்டாடினாங்க. மூணு மாசம் கழிச்சு அதே ரசிகர்கள் இந்தத் தொடரைக் கரிச்சுக் கொட்டினாங்க. பாத்திரத்தை மாத்தினதுதான் குத்தம்னா, மத்த ரெண்டையும் என்ன சொல்றது?

ஆனா இன்னொன்னையும் மறைக்க முடியாது. ஒரு காட்சிகூட வெளிவராத நேரத்துலயே, நிறத்தை மட்டும் வச்சு ஒரு கூட்டம் மோசமாத் திட்டிச்சு. தொடரைப் பார்த்துட்டு நொந்து போய்த் திட்டினவங்க வேற கூட்டம். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, ஒரே டிக்கெட்ல ரெண்டு பக்-ஐப் போட்டு வச்ச மாதிரி. அந்த ஐஎம்டிபி நம்பர் ரெண்டு கூட்டத்தையும் சேர்த்துக் கூட்டின நம்பர். அதைப் பார்த்து எடுத்தவங்க "எல்லாம் வெறுப்புக் கூட்டம்"னு ஒதுக்கிடலாம், வெறுப்புக் கூட்டம் "பார்த்தியா, நாங்க சொன்னது சரி"ன்னு சொல்லிக்கலாம். உக்காந்து பத்து எபிசோடையும் பார்த்துட்டு "இது சிரிப்பு வரலையே"ன்னு சொன்ன நம்மள மாதிரி ஆளுங்க குரல் நடுவுல அமுங்கிப் போச்சு.

சரி, சிரிப்பு ஏன் வரல?

முதல் எபிசோடோட ஆரம்பத்தை எடுத்துக்கோங்க. பள்ளிக்கூடத்துல பொண்ணுங்க குளிக்கிற இடம். அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னா, டிவி தொடர்களோட முதல் எபிசோடுல மட்டும் தேவையில்லாம நிர்வாணத்தைக் காட்டுறாங்களேன்னு. அதைப் பேசுறவங்க நிர்வாணமா நிக்கிறாங்க, காட்சியும் அதைத்தான் காட்டிக்கிட்டு இருக்கு. அதாவது, "இது மலிவான வேலைன்னு எங்களுக்குத் தெரியும்"னு சொல்லிக்கிட்டே அதே மலிவான வேலையைப் பண்றாங்க. தன்னைப் பத்தித் தானே பேசுற நகைச்சுவை, மெட்டான்னு சொல்லுவோமே, அது இந்தத் தொடருக்கு ஒரு வியாதி. ஒரு பழைய கிளிஷே வரப்போகுதுன்னா, ஒரு பாத்திரம் முன்னாடியே வாயால "இது கிளிஷே"ன்னு அறிவிச்சுடும். அறிவிச்சுட்டு, அதே கிளிஷே நடக்கும். அதைத் திருப்பிப் போட மாட்டாங்க, உடைக்க மாட்டாங்க. தெரியாம மாட்டிக்கிட்டா திட்டுவாங்களேன்னு முன்ஜாமீன் வாங்கி வச்ச மாதிரி இருக்கும்.

இதோட 'தமிழ்ப்படம்' வச்சுப் பாருங்க. 2010, சி.எஸ். அமுதன் இயக்கி சிவா நடிச்சது. சினிமாப்பட்டின்னு ஒரு ஊரு. அங்க ஆண் குழந்தை பொறந்தா கொன்னுடுவாங்க, ஏன்னா விட்டா எல்லாம் சென்னைக்குப் போய் ஹீரோ ஆயிடுது. அந்தப் பையன் சீக்கிரம் வளரணுமா? சைக்கிளை மிதிக்கிறான், மிதிச்சு முடிக்கும்போது பெரியவன். ஹீரோவோட சேர்ந்து சுத்துற வாலிப நண்பர்கள் யாரு? மனோபாலா, எம்.எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி. இந்தக் காட்சிகள்ல யாரும் நம்ம பக்கம் திரும்பி "தமிழ் சினிமால இப்படித்தான் ஏமாத்துறாங்க"ன்னு பாடம் எடுக்கல. மூஞ்சியைச் சீரியஸா வச்சுக்கிட்டு, அந்தப் பித்தலாட்டத்தை இன்னும் ரெண்டு படி மேல கொண்டு போனாங்க. சிரிப்பை நம்ம கையில விட்டாங்க. அதுக்கு முன்னாடி விஜய் டிவியில 'லொள்ளு சபா' பண்ணினதும் இதுதான். ராம்பாலா இயக்கம், சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லாம். ஒவ்வொரு படத்தையும் ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்தவங்களாலதான் அப்படிக் கலாய்க்க முடியும். அவங்க அந்தப் படங்களை வெறுத்தாங்கன்னு பார்த்த யாருக்குமே தோணாது.

வெல்மாவைப் பார்க்கும்போது எனக்கு ஓயாம தோணினது, இவங்களுக்கு ஸ்கூபி-டூ பிடிக்குமா பிடிக்காதாங்கிற கேள்விதான். நையாண்டிக்கு உள்ள ஒரு பாசம் வேணும்னு நான் சென்டிமென்ட்டுக்காகச் சொல்லல. வேலையே நடக்காது. கேலி பண்ற பொருளோட எந்த இடம் உறுதி, எந்த இடம் பொத்தல்னு தெரிஞ்சாதான் குத்த முடியும். ஸ்கூபி-டூவுக்குள்ள ஏற்கனவே ஒரு அருமையான நையாண்டி இருக்கு: பயத்தை உண்டாக்குறவன் அதுல காசு பார்க்கிறான், முகமூடியைக் கழட்டினா ஊர்ப் பெரிய மனுஷன். இன்னைய தேதிக்கு அதை வச்சு எவ்வளவு பண்ணலாம்! ரியல் எஸ்டேட், அரசியல், வாட்ஸாப் புரளி. வெல்மா தொடர் அதை எடுத்துக்காம, ஸ்வெட்டர், கண்ணாடி, பேரு இதுகளை மட்டும் எடுத்துக்கிட்டு உள்ள வேற ஒரு பள்ளிக்கூட கலாட்டாவை வச்சுது. நம்ம தொழில்ல இதுக்குப் பேரே இருக்கு: பழைய ஏபிஐ பேரை அப்படியே வச்சுட்டு, உள்ள வேலை செய்யறதையெல்லாம் மாத்துறது. கூப்பிடுறவன் ஒன்னு எதிர்பார்க்கிறான், திரும்பி வர்றது வேற. எர்ரர் அடிக்காம என்ன பண்ணும்?

இதே வார்னர் வீட்டுல இதுக்கு நேர் உதாரணம் இருக்கு. 2019 நவம்பரில் தொடங்கின 'ஹார்லி க்வின்'. அதுவும் பெரியவங்களுக்கான கார்ட்டூன், ரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் வெல்மாவுக்குக் குறையாம இருக்கும். பேட்மேன் உலகத்தைக் கிழி கிழின்னு கிழிப்பாங்க. அதுல பேன்னு ஒரு வில்லன். 2012 பேட்மேன் படத்தில் டாம் ஹார்டி பேசின அந்த விசித்திரக் குரலை அப்படியே காப்பி அடிச்சு, அவனை யாரும் மதிக்கலன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற பரிதாப ஜென்மமா ஆக்கியிருப்பாங்க. சிரிச்சுக்கிட்டே அவன் மேல நமக்கு இரக்கம் வந்துடும். போலீஸ் கமிஷனர் கார்டனை உடைஞ்சு போன மனுஷனா காட்டுவாங்க. ஆனா அடியில, ஜோக்கர்கிட்ட இருந்து வெளிய வந்து தனக்குன்னு ஒரு வாழ்க்கை தேடுற ஹார்லியோட கதை நேர்மையா ஓடிக்கிட்டே இருக்கும். ரசிகர்கள் அந்தத் தொடரை அஞ்சு சீசன் கொண்டு போனாங்க.

இன்னொரு காரணம் அனிமேஷன் தொழில்லயே இருக்கு, இதைப் பெரும்பாலும் யாரும் பேசறதில்ல. வெல்மா தொடரை அறிவிச்சது 2021 பிப்ரவரி. திரைக்கு வந்தது 2023 ஜனவரி. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். அனிமேஷன்ல எழுதின ஜோக் உடனே திரைக்கு வராது. குரல் பதிவு, ஸ்டோரிபோர்டு, அனிமேட்டிக், படம் வரையறது, வண்ணம், ஒலின்னு வரிசையா போகணும். ஒரு ஸ்டாண்டப் காமெடியன் இன்னைக்கு ராத்திரி ஒரு ஜோக் செத்துப் போச்சுன்னா நாளைக்கு அதைத் தூக்கிடுவான். கார்ட்டூன்ல ஜோக் செத்தது தெரியறதுக்குள்ள பத்து எபிசோடும் வரைஞ்சு முடிஞ்சிருக்கும். 'சவுத் பார்க்' காரங்க இதுக்குன்னே ஒரு எபிசோடை ஏறக்குறைய ஆறு நாள்ல முடிக்கிற மாதிரி வேலையை அமைச்சுக்கிட்டாங்க. அந்த ஆறு நாள் ஓட்டத்தைப் பத்தி 2011-ல ஒரு ஆவணப்படமே வந்துச்சு. அவங்க படம் வெட்டி ஒட்டின காகிதம் மாதிரி இருக்கறது அந்த வேகத்துக்குத் தோதாப் போச்சு. வெல்மாவோ மெனக்கெட்டு, அழகா வரைஞ்ச தொடர். ஆனா அது கிண்டல் பண்ணினது இணையத்துல அன்னன்னைக்கு நடக்கிற சண்டைகளை. ஆண்கள் இப்படி, வெள்ளைக்காரங்க இப்படி, முற்போக்கு பேசுறவங்க இப்படின்னு. ட்விட்டர்ல ஒரு சண்டையோட ஆயுள் மூணு நாள். ரெண்டு வருஷம் கழிச்சு அதை மறுபடி சூடு பண்ணிப் பரிமாறினா பழைய சாம்பார் வாடை வராம என்ன செய்யும்? மெதுவா தயாராகுற தொடர்னா மெதுவா மாறுற விஷயத்தைத்தான் கலாய்க்கணும். குடும்பம், சாவு, பணம், பொறாமை. 'போஜாக் ஹார்ஸ்மேன்' 2014-லேருந்து 2020 வரைக்கும் ஓடினதை இன்னைக்குப் பார்த்தாலும் வலிக்குது, ஏன்னா அதோட பொருள் தனிமை.

போஜாக்னு சொன்னதும் ஒன்னு ஞாபகம் வருது. "வெல்மா பாத்திரம் பிடிக்கல, எல்லாரையும் மட்டம் தட்டிக்கிட்டே இருக்கா"ன்னு நிறைய பேர் சொன்னாங்க. மோசமான கதாநாயகி இருக்கறதுல தப்பே இல்ல. போஜாக் அவளைவிட நூறு மடங்கு மோசம். ஆனா போஜாக் பண்ற ஒவ்வொரு அயோக்கியத்தனத்துக்கும் யாராவது விலை கொடுப்பாங்க, அது அடுத்த சீசன் வரைக்கும் துரத்தும். வெல்மா பண்றதுக்கு ஒரு பாத்திரம் வந்து "நீ பாசாங்குக்காரி"ன்னு சொல்லும், அதோட கணக்கு தீர்ந்துடும். சொல்லிட்டோம்ல, விடுங்கங்கிற மாதிரி. மறுபடியும் அதே முன்ஜாமீன்.

இப்போ நம்ம வீட்டு விஷயத்துக்கு வரேன். மிண்டி கேலிங் லாங் ஃபிஷரோட சேர்ந்து உருவாக்கின 'நெவர் ஹேவ் ஐ எவர்' 2020 ஏப்ரலில் நெட்ஃப்ளிக்ஸில் வந்துச்சு. நாலு சீசன், 2023 ஜூனில் முடிஞ்சுது. தேவி விஸ்வகுமார்னு தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு. நடிச்சது மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சுமார் 15,000 பேர்ல இருந்து தேர்ந்தெடுத்தாங்க. தேவியும் எரிச்சலூட்டுறவதான். சுயநலம், கோபம், தன் தோற்றத்து மேல வெறுப்பு, இந்தியத்தனம்னாலே கூச்சம். வெல்மாகிட்ட இருக்கிற அதே சாமான்கள். ஆனா தேவியோட அப்பா அவ கண் முன்னாடி இறந்து போறார், அந்தத் துக்கத்தைப் பேசத் தெரியாமத்தான் அவ இப்படி வெடிக்கிறான்னு நமக்குப் புரியும். கணேஷ் பூஜைக்கு முனகிக்கிட்டே போற எபிசோடு ஒன்னு இருக்கு. தன்னோட சேர்ந்து இதையெல்லாம் கிண்டல் பண்ணின பையன் காலேஜ் போய்ட்டு வந்து, இப்போ ஆசையா கலந்துக்கிறான். தேவி குழம்பிப் போய் நிப்பா. அந்தக் குழப்பம் நெய்வேலியில இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவனுக்கும் தெரியும்.

வெல்மா தொடர்ல அவ இந்தியப் பொண்ணுன்னு நிறமும் சில ஜோக்குகளும்தான் சொல்லுது. அவ வீட்டுல என்ன மொழி, என்ன சமையல், யாரு ஃபோன் பண்ணி உயிரை வாங்குவாங்க, எதுவும் என் மனசுல நிக்கல. ஆனா சுயக் கிண்டல் மட்டும் நிறைய. தான் அழகில்ல, வெள்ளைக்காரப் பையன் ஃப்ரெட் மேல ஆசை. இதே மாதிரி கதாநாயகியை மிண்டி திரும்பத் திரும்ப எழுதுறாங்கன்னு தெற்காசியப் பொண்ணுங்களே அப்போ நிறைய எழுதினாங்க. அவங்க எரிச்சல் நியாயமானது. தேவியோட சுய வெறுப்புக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கா, அதனால தாங்கிக்கலாம். ஆள் இல்லாத சுய வெறுப்பு, வெளியில இருந்து நம்மளக் கிண்டல் பண்றவன் ஜோக் மாதிரியேதான் காதுல விழும். நிறத்தைத் திட்டின கூட்டத்துக்கு இது ரொம்ப வசதியாவும் போச்சு. எனக்கு இதுல நிஜமாவே வலிச்ச இடம் அதுதான்.

அப்புறம் அந்தப் பெரிய ஓப்பனிங். அவ்வளவு பேர் பார்த்தாங்கன்னா தோல்வின்னு எப்படிச் சொல்றதுன்னு ஒரு நண்பன் கேட்டான். டேஷ்போர்டுக்கு ஆசையா பார்த்தவனும் ஒன்னுதான், திட்டுறதுக்காகப் பார்த்தவனும் ஒன்னுதான். ப்ளே பட்டன் அமுக்கும்போது ஏன் அமுக்குறேன்னு அது கேட்காது. வீடியோ போட்டுத் திட்டுறதுக்காகவே நிறைய பேர் பார்த்தாங்க. அந்த மாதிரிக் கூட்டம் முதல் வாரம் வரும், திட்டி முடிச்சதும் கலைஞ்சு போகும். 2024 ஏப்ரலில் ரெண்டாவது சீசன் வந்தப்போ திட்டுறதுக்குக்கூட பெருசா யாரும் மெனக்கெடல.

நேரமும் பாவம். 2022 ஏப்ரலில் வார்னரும் டிஸ்கவரியும் இணைஞ்சதுக்கு அப்புறம் அங்க அனிமேஷனுக்குப் பெரிய வெட்டு. ஆகஸ்டில் 'பேட்கேர்ல்' படத்தோட சேர்த்து, ஏறக்குறைய முடிஞ்சுட்ட ஒரு ஸ்கூபி-டூ கிறிஸ்துமஸ் படத்தையே பெட்டியில வச்சுப் பூட்டினாங்க. ஹெச்பிஓ மேக்ஸில் இருந்து பல கார்ட்டூன்களைத் தூக்கினாங்க. அந்தக் கோபத்துல இருந்த ரசிகர்கள் முன்னாடி, நாயே இல்லாத, தன் மூலத்தையே இளப்பமா பார்க்கிற ஒரு ஸ்கூபி தொடர் வந்து நின்னா எப்படி இருக்கும்! இது எழுதினவங்க தப்பு இல்ல. ஆனா பலியானது அவங்க தொடர்தான்.

ஆர்வம் இருந்தா இந்த வாரக் கடைசியில ஒரு வேலை பண்ணுங்க. 'ஹார்லி க்வின்' முதல் எபிசோடையும் 'வெல்மா' முதல் எபிசோடையும் அடுத்தடுத்து பாருங்க. ஒவ்வொரு ஜோக்கையும் யாராவது வாயால விளக்குறாங்களா, இல்ல நம்ம கண்டுபிடிக்கிறதுக்கு விட்டு வைக்கிறாங்களான்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க. எண்ணி எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோட் ஆரம்பத்துல வாசிக்கிறேன். வீட்டுல சின்னப் பசங்க இருந்தா ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க, ரெண்டுக்குமே.